தைராய்டு குறைவு இருந்தால் உடல் எடை குறையவே குறையாதா?

ரத்தப் பரிசோதனை முடிவு வாட்ஸ்அப்பில் வந்து விழுகிறது. டி.எஸ்.ஹெச் என்ற வரிக்கு நேராக 9 என்றோ 14 என்றோ ஒரு எண், தடித்த எழுத்தில். பல வீடுகளில் அந்த நிமிடமே தீர்ப்பும் வந்துவிடுகிறது. "அதான் பார்த்தேன், இவ்ளோ கொஞ்சமா சாப்பிட்டும் ஏன் வெயிட் போடுதுன்னு!" மூன்று வருடங்களில் ஏறிய 15 கிலோவுக்கும் காரணம் கிடைத்தாயிற்று. ஒருவகையில் அது நிம்மதிதான். வாயைக் கட்டத் தெரியவில்லை, சோம்பேறித்தனம் என்றெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்ட பேச்சுக்கு ஒரு மருத்துவப் பதில் அது.

அந்த நிம்மதி பெரும்பாலும் ஆறு மாதம் தாங்குவதில்லை. மாத்திரை தொடங்குகிறது, டி.எஸ்.ஹெச் 2.5-க்கு இறங்குகிறது, எடை மிஷின் மட்டும் இரண்டு மூன்று கிலோ இறங்கி அங்கேயே நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு ஒரு சாரார், "தைராய்டு இருக்கறவங்களுக்கு குறையவே குறையாது" என்று முயற்சியைக் கைவிடுகிறார்கள். இன்னொரு சாரார் டோஸை ஏற்றச் சொல்லிக் கேட்கிறார்கள், இணையத்தில் விற்கும் 'தைராய்டு பொடி'யை வாங்குகிறார்கள், சிலர் பயனில்லை என்று மாத்திரையையே நிறுத்திவிடுகிறார்கள். முதல் வழியில் எடை அப்படியே இருக்கும். இரண்டாவது வழியில் இதயத்துக்கும் எலும்புக்கும் ஆபத்து இருக்கிறது.

இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி. ஏறிய எடையில் எத்தனை கிலோ தைராய்டின் கணக்கு, எத்தனை கிலோ வேறு கணக்கு?

தைராய்டின் பங்கு எவ்வளவு?

அமெரிக்க தைராய்டு சங்கம் நோயாளிகளுக்காக வெளியிட்டுள்ள விளக்கத்தில் இதற்கு நேரடியான பதில் இருக்கிறது. சுரப்புக் குறைவால் மட்டுமே ஏறக்கூடிய எடை பொதுவாக 5 முதல் 10 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 2 முதல் நாலரை கிலோ. குறைபாடு எவ்வளவு கடுமையோ அதற்கேற்ப இது மாறும். அதிலும் பெரும்பகுதி கொழுப்பு அல்ல. உடலில் தேங்கும் உப்பும் நீரும்.

டென்மார்க் மருத்துவர்கள் 2011-ல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வு இதை அளந்தே காட்டியது. புதிதாக நோய் கண்டறியப்பட்ட 12 பேருக்குச் சிகிச்சை தொடங்கி, ஒரு வருடம் கழித்து உடலமைப்பை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். சராசரியாக 4 கிலோவுக்குச் சற்று மேல் எடை குறைந்திருந்தது. ஆனால் கொழுப்பின் அளவு அப்படியே இருந்தது. குறைந்ததெல்லாம் நீர்.

இது எப்படி? தைராய்டு ஹார்மோன் குறையும்போது தோலுக்கு அடியிலும் திசுக்களுக்கு இடையிலும் பசை போன்ற ஒருவகைச் சர்க்கரைச் சேர்மம் சேர்கிறது. அது பஞ்சு மாதிரி தண்ணீரை உறிஞ்சிப் பிடித்துவைத்துக்கொள்ளும். காலையில் எழும்போது முகம் உப்பியிருப்பது, கண் இமை வீங்கியிருப்பது, மோதிரம் இறுகுவது எல்லாம் இதனால்தான். மாத்திரை தொடங்கிய முதல் சில மாதங்களில் இந்த நீர் வடிந்து, எடை இறங்குகிறது. அந்த நீர் தீர்ந்ததும் இறக்கம் நிற்கிறது. 'மாத்திரை கேட்கவில்லை' என்று பலர் நினைப்பது இந்த இடத்தில்தான். உண்மையில் மாத்திரை தன் வேலையைச் சரியாக முடித்திருக்கிறது.

வளர்சிதை மாற்றம் மந்தமாவது பொய்யா என்றால், பொய் இல்லை. உடல் சும்மா இருக்கும்போது எரிக்கும் சக்தியின் அளவு, மிகக் கடுமையான குறைபாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்கூடக் குறையலாம். அப்படியிருந்தும் ஆட்கள் 30, 40 கிலோ ஏறுவதில்லை. காரணம், அதே நிலையில் பசியும் மங்கிவிடுகிறது. செலவு குறையும்போது வரவும் குறைகிறது. இன்றைக்கு ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கப்படுபவர்களில் பெரும்பாலானோருக்கு இருப்பது அவ்வளவு கடுமையான குறைபாடும் அல்ல.

அதனால் 15 கிலோ ஏறியிருந்தால், அதில் மூன்று நான்கு கிலோவைத் தைராய்டின் தலையில் போடலாம். மீதி பத்துப் பன்னிரண்டு கிலோவுக்கு வேறு காரணம் தேட வேண்டும். கேட்பதற்கு வருத்தமாக இருக்கும். ஆனால் டி.எஸ்.ஹெச் சரியானபின் அந்தப் பத்துக் கிலோ, தைராய்டு நோயே இல்லாத ஒருவரின் பத்துக் கிலோவைப் போலவே குறையக் கூடியது. இது நல்ல செய்திதான்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது?

'தைராய்டு என்றால் குண்டு' என்ற கணக்குக்கு நூறு வருடத்துக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. 1891-ல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் முர்ரே என்ற மருத்துவர், ஆட்டின் தைராய்டு சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசியாகப் போட்டார். உடல் வீங்கி, பேச்சுக் குழறி, செயலிழந்து கிடந்த அந்தப் பெண் எழுந்து நடமாடினார். அதன்பின் 28 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார். 1895-ல் ஜெர்மனியின் மாக்னுஸ் லெவி, தைராய்டு குறைந்தவர்கள் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன் குறைவாகவும், தைராய்டு மிகுந்தவர்களில் அது அதிகமாகவும் இருப்பதை அளந்தார். ரத்தத்தில் ஹார்மோனை அளக்கும் வசதி வரும்வரை பல பத்தாண்டுகளுக்கு, மூச்சை அளந்துதான் தைராய்டு நோயைக் கண்டுபிடித்தார்கள்.

கையோடு வியாபாரமும் கிளம்பிவிட்டது. உடல் எரிக்கும் வேகத்தைக் கூட்டும் மருந்து என்றால் அது இளைக்கும் மருந்துதானே? தைராய்டு சாற்று மாத்திரைகள் உடல் மெலியும் மருந்தாக விற்பனைக்கு வந்தன. மெலிந்தவர்கள் படபடப்போடும் கைநடுக்கத்தோடும் மெலிந்தார்கள். நூற்றாண்டு கடந்தும் அதே சரக்கு, டப்பா மட்டும் மாறி, வேறு பெயரில் வலம்வருகிறது.

டி.எஸ்.ஹெச் சொல்வதும் சொல்லாததும்

இந்தியாவில் இது அரிதான நோய் அல்ல. சென்னை உட்பட எட்டு நகரங்களில் 5,376 பேரிடம் நடத்தி 2013-ல் வெளியான ஆய்வில், கிட்டத்தட்ட 11 சதவீதம் பேருக்குத் தைராய்டு குறைவு இருந்தது. பெண்களில் ஏறக்குறைய 16 சதவீதம், ஆண்களில் 5 சதவீதம். மூன்றரை சதவீதம் பேருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே அதுவரை தெரியாது.

டி.எஸ்.ஹெச் என்பது தைராய்டில் சுரப்பது அல்ல. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டுக்கு அனுப்பும் கட்டளை அது. வேலை நடக்கவில்லை என்றால் மேஸ்திரி குரலை உயர்த்துவது மாதிரி, தைராய்டு சுணங்கினால் டி.எஸ்.ஹெச் ஏறும். பெரும்பாலான பரிசோதனை நிலையங்களில் ஏறக்குறைய 0.4 முதல் 4 அல்லது 4.5 வரை இயல்பு. டி.எஸ்.ஹெச் ஏறி, தைராய்டின் சொந்தச் சரக்கான டி4 ஹார்மோனும் குறைந்திருந்தால் அது முழுமையான குறைபாடு. டி.எஸ்.ஹெச் 5, 6, 7 என்று லேசாக ஏறி, டி4 சரியாக இருந்தால் அது அறிகுறி தெளிவாகாத ஆரம்ப நிலை. எட்டு நகர ஆய்வில் இந்த இரண்டாம் வகையினர் மட்டும் தனியே 8 சதவீதம்.

எடையைப் பற்றிய குழப்பம் பெரிதாக நடப்பது இந்த இரண்டாம் வகையில். ஏனென்றால் உடல் பருமனே டி.எஸ்.ஹெச்சை லேசாக ஏற்றும். கொழுப்புத் திசுவில் சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன், பிட்யூட்டரியைத் தூண்டும் பாதையைத் தட்டிவிடுகிறது. எடை குறைந்தால் அந்த டி.எஸ்.ஹெச் தானாகவே இறங்குவதும் பலரிடம் காணப்பட்டிருக்கிறது. அதாவது டி.எஸ்.ஹெச் 6 இருப்பதால் எடை ஏறியதா, எடை ஏறியதால் டி.எஸ்.ஹெச் 6 ஆனதா என்று அந்த ஒற்றை எண்ணை வைத்துச் சொல்ல முடியாது.

இந்த ஆரம்ப நிலைக்கு எல்லோருக்கும் மாத்திரை தேவையா என்பதிலும் மருத்துவ உலகம் முன்பைவிட நிதானமாகிவிட்டது. 65 வயதைத் தாண்டிய 737 பேரிடம் ஐரோப்பாவில் நடத்தப்பட்டு 2017-ல் வெளியான ஆய்வில், மாத்திரை எடுத்தவர்களின் சோர்வோ மற்ற அறிகுறிகளோ, வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிடக் குறையவில்லை. டி.எஸ்.ஹெச் 10-ஐத் தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள், தைராய்டுக்கு எதிரான எதிரணுக்கள் அதிகம் உள்ளவர்கள் ஆகியோர் நிலைமை வேறு. அவர்களுக்கு மருத்துவர் தனியாக முடிவெடுப்பார். எடை குறையட்டும் என்பதற்காக மட்டும் டி.எஸ்.ஹெச் 5.2-க்கு மாத்திரை தொடங்கினால் ஏமாற்றமே மிஞ்சும்.

மாத்திரை வயிற்றில் சேர்கிறதா?

எடை குறைப்புக்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை, ஹார்மோனைச் சரியான அளவுக்குக் கொண்டுவருவது. அது சரியாகாதவரை சோர்வு, மலச்சிக்கல், தசைவலி, தூக்கக் கலக்கம் எல்லாம் சேர்ந்து நடக்கவும் விடாது, சமைக்கவும் விடாது. "காலைல எழுந்திருக்கவே முடியல, இதுல எங்க வாக்கிங் போறது?" என்று கேட்பவரிடம் உடற்பயிற்சி பற்றிப் பேசுவது வீண்.

தரப்படும் மருந்து லெவோதைராக்சின். நம் ஊரில் '25 பவர்', '50 பவர்', '100 பவர்' என்று சொல்லி வாங்குவார்கள். அந்த எண் மைக்ரோகிராம் கணக்கு. ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. தைராய்டு அறவே வேலை செய்யாத ஒருவருக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் தேவைப்படும். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறக்குறைய 100. இவ்வளவு சிறிய அளவு என்பதால்தான் உறிஞ்சுவதில் சின்னத் தடங்கல் வந்தாலும் ரத்தத்தில் கணக்கு தப்பிவிடுகிறது.

தடங்கல்களில் முதலிடம், தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, ஃபில்டர் காபிக்குக் கொடுக்கலாம். மாத்திரையை வாயில் போட்டுக் காபியாலேயே விழுங்குபவர்கள் இருக்கிறார்கள். தண்ணீரில் விழுங்கிவிட்டு ஐந்தாவது நிமிடம் டம்ளரைக் கையில் எடுப்பவர்கள் அதைவிட அதிகம். காபியோடு சேர்த்து எடுத்தால் மருந்து உறிஞ்சப்படுவது குறைகிறது என்று இத்தாலிய மருத்துவர்கள் 2008-ல் ஆய்வு செய்து காட்டினார்கள். அவர்கள் சோதித்தது பாலில்லாத எஸ்பிரஸ்ஸோ. நம் காபியில் பாலும் உண்டு, பாலிலுள்ள கால்சியம் தன் பங்குக்கு இன்னொரு தடை. வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் விழுங்கிவிட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் எதுவும் எடுக்காமல் இருப்பதுதான் வழி.

அதற்கு அடுத்த தடங்கல் பெண்களிடம் அதிகம். காலையிலேயே வேலையை முடிப்போம் என்று தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை மூன்றையும் ஒரே வாயில் போட்டுக்கொள்வது. இரும்பும் கால்சியமும் லெவோதைராக்சினைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்பு மதியத்துக்கும் கால்சியம் இரவுக்கும் போகட்டும். நெஞ்செரிச்சலுக்கு வருடக்கணக்கில் போடும் 'கேஸ் மாத்திரை'யும் வயிற்றின் அமிலத்தைக் குறைத்து, இந்த மாத்திரை கரைவதைக் கெடுக்கலாம். அதை மருத்துவரிடம் சொல்ல பலருக்கும் தோன்றுவதே இல்லை. கேஸ் மாத்திரையை மருந்துக் கணக்கிலேயே நாம் சேர்ப்பதில்லை.

"காலைல காபி இல்லாம ஒரு மணி நேரம் முடியாது டாக்டர்" என்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. நெதர்லாந்தில் நடந்து 2010-ல் வெளியான ஆய்வில், இரவு படுக்கப்போகும்போது மாத்திரை எடுத்தவர்களுக்கு ஹார்மோன் அளவு காலையில் எடுத்தவர்களைவிடச் சற்று நன்றாகவே இருந்தது. இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். எட்டரைக்குச் சாப்பிட்டுப் பதினொன்றரைக்குப் படுப்பவருக்கு ஒத்துவரும். பத்து மணிக்குத் தோசை சாப்பிட்டு நேராகப் படுக்கைக்குப் போகிறவருக்கு ஒத்துவராது. நோன்பு மாதத்தில் நேரம் மாறுபவர்களும் இதை மருத்துவரிடம் கேட்டுப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

மருந்தின் பாதி அளவு உடலிலிருந்து நீங்க ஏறக்குறைய 7 நாள் ஆகும். அதனால் ஒருநாள் மறந்தால் பதற வேண்டியதில்லை. நினைவு வந்தபோது எடுத்துக்கொள்ளலாம். அதே காரணத்தால், டோஸ் மாற்றிய பத்தாம் நாள் ரத்தம் கொடுத்துப் பார்ப்பதிலும் அர்த்தமில்லை. ஆறு முதல் எட்டு வாரம் கழித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். முடி உதிர்வுக்கென்று பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பாவது அதை நிறுத்துவது நல்லது. சில ஆய்வகக் கருவிகளில் அது டி.எஸ்.ஹெச்சைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். தைராய்டு குறைந்தவர்களுக்குத்தான் முடியும் கொட்டும், அவர்கள்தான் பயோட்டினும் வாங்குவார்கள் என்பதால் இது அடிக்கடி நடக்கிற கூத்து.

டோஸைக் கொஞ்சம் ஏற்றினால் என்ன?

ஏற்றினால் எடை கொஞ்சம் குறையலாம். என்ன விலைக்கு என்பதுதான் கேள்வி. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, லெவோதைராக்சின் அட்டையிலேயே கட்டம் கட்டிய எச்சரிக்கை போட வைத்திருக்கிறது: உடல் பருமனுக்கோ எடை குறைப்புக்கோ இதைப் பயன்படுத்தக் கூடாது. தேவையான அளவில் கொடுத்தால், தைராய்டு சரியாக உள்ளவருக்கு எடை குறையாது. தேவைக்கு மேல் கொடுத்தால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

மிகையான ஹார்மோன் முதலில் கரைப்பது கொழுப்பை மட்டும் அல்ல, தசையையும்தான். இதயம் தாளம் தப்பி, நிற்காமல் படபடக்கும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் அந்த நிலை பக்கவாதத்துக்கு வழிவிடும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்புத் தேய்மானம் வேகமாகும். மருந்தை இறக்கியதும் குறைந்த எடை திரும்ப வந்துவிடும். இரண்டு மூன்று கிலோவுக்காக இடுப்பெலும்பைப் பணயம் வைப்பது எந்தக் கணக்கிலும் கட்டுப்படியாகாது.

'தைராய்டு சப்போர்ட்' என்ற பெயரில் விற்கும் பொடிகளும் கேப்சூல்களும் இதே ஆபத்தைச் சொல்லாமல் கொண்டுவரலாம். அமெரிக்காவில் கடையில் கிடைத்த இப்படிப்பட்ட 10 தயாரிப்புகளைச் சோதித்து 2013-ல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பதில் டி3 ஹார்மோனும் ஐந்தில் டி4 ஹார்மோனும் இருந்தன. மூலிகை என்று நம்பி வாங்கியவர்கள் அளவு தெரியாத ஹார்மோனை விழுங்கியிருக்கிறார்கள். கடற்பாசித் தூள் இன்னொரு வகை. அதில் அயோடின் மிதமிஞ்சி இருக்கும்; அதுவே தைராய்டை மேலும் முடக்கலாம். பெரியவர்களுக்கு இன்று வரும் தைராய்டு குறைவில் பெரும்பங்கு, உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கும் ஹஷிமோட்டோ வகை. அயோடினைக் கூட்டினால் அது சரியாகாது. வழக்கமான அயோடின் உப்பு போதும். இந்துப்பு நல்லது என்று மொத்தமாக அதற்கு மாறிவிடுவதும் தேவையில்லாத வேலை, அதில் அயோடின் சேர்க்கப்பட்டிருக்காது.

முட்டைக்கோஸ் குற்றவாளி அல்ல

"அக்கா, தைராய்டுக்கு கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி எதுவுமே சாப்பிடக் கூடாதாமே?" என்ற கேள்வி எந்தக் காய்கறிக் கடையிலும் கேட்கும். இந்தக் காய்களில் தைராய்டு அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுக்கும் சேர்மங்கள் உருவாவது உண்மை. அவை உருவாக உதவும் நொதி, வேகவைத்தால் பெருமளவு செயலிழந்துவிடும். நம் வீடுகளில் கோஸைப் பொரியலாகத்தான் சாப்பிடுகிறோம், பச்சையாக ஜூஸ் அடித்துக் குடிப்பதில்லை. இப்போது சிலர் அதையும் செய்கிறார்கள் என்பது வேறு கதை. தவிர, முழு அளவு மாத்திரை எடுப்பவருக்கு ஹார்மோன் வருவது மாத்திரையிலிருந்து. சுரப்பியின் உற்பத்தியைத் தடுக்கும் காய், மாத்திரையில் வரும் ஹார்மோனை என்ன செய்துவிடும்?

கம்பு, மரவள்ளிக்கிழங்கு பற்றிய எச்சரிக்கையும் அப்படித்தான். அயோடின் பற்றாக்குறை உள்ள இடங்களில், அதுவே மூன்று வேளை உணவாக இருந்தபோது கழுத்துக் கழலை வந்ததைப் பார்த்துச் சொன்னது. வாரத்தில் இரண்டு நாள் கம்பங்கூழ் குடிப்பவர் கவலைப்பட ஒன்றுமில்லை. குளூட்டனை விட்டால் தைராய்டு சரியாகும் என்ற பேச்சுக்கு, சீலியாக் நோய் இல்லாதவர்களிடம் போதிய ஆதாரம் கிடையாது. அரிசியும் உளுந்தும் அரைத்த நம் இட்லியில் அது ஏற்கெனவே இல்லை.

இந்தக் கோஸ் பேச்சில் ஒரு பெரிய இழப்பு நடக்கிறது. நார்ச்சத்து மிகுந்த, கலோரி குறைந்த காய்களைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டு, அந்த இடத்தை இன்னொரு கரண்டி சோற்றால் நிரப்புகிறோம். சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் நீரிழிவு ஆய்வு அறக்கட்டளை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வின் 2025 அறிக்கைப்படி, இந்தியர் சாப்பிடும் கலோரியில் சராசரியாக 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. அதுவும் பெரும்பாலும் பட்டை தீட்டிய அரிசி, மாவு, சர்க்கரை. மீதிப் பத்துக் கிலோவின் முகவரி பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

மூன்று வேளையையும் நினைத்துப் பார்த்தால் தெரியும். காலையில் நான்கு இட்லி, மதியம் சோறு சாம்பார் ரசம் மோர் என்று மூன்று சுற்று, இரவு மூன்று தோசை. இடையில் சர்க்கரை போட்ட காபி, டீ, கூடவே இரண்டு பிஸ்கட். "நான் ரொம்ப கம்மியாதான் சாப்பிடறேன்" என்பவர் பொய் சொல்வதில்லை, தட்டு சிறியதுதான். ஆனால் அதில் புரதம் எங்கே? தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம். 65 கிலோ எடையுள்ளவருக்கு 54 கிராம் வருகிறது. இரண்டு முட்டையில் 12 கிராம், நூறு கிராம் மீனில் 20 கிராம் அளவுக்குக் கிடைக்கும். அசைவம் சாப்பிடாதவருக்குக் கெட்டியான பருப்பு, ஒரு கிண்ணம் சுண்டல், தயிர், பன்னீர் எல்லாம் சேர்ந்தால்தான் அந்த எண்ணைத் தொட முடியும். சாம்பாரில் மிதக்கும் பருப்பு போதாது.

புரதம் கூடினால் பசி தாங்கும், எடை குறையும்போது தசை கரையாமல் நிற்கும். பாதித் தட்டில் காய், கால் தட்டில் பருப்போ முட்டையோ மீனோ, மீதிக் கால் தட்டில் சோறு என்று வைத்துப் பார்த்தால், சோற்றை அறவே விடாமலேயே கணக்கு மாறிவிடும். எண்ணெயைக் கண்ணால் பார்த்து ஊற்றாமல் கரண்டியால் அளந்து ஊற்றுவது இன்னொரு பெரிய மாற்றம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், கடலை எண்ணெயோ செக்கு நல்லெண்ணெயோ எதுவானாலும், 120 கலோரி. செக்கில் ஆட்டியதற்காகக் கலோரி தள்ளுபடி கிடையாது.

பட்டினி மட்டும் வேண்டாம். ஒரு நாளைக்கு 600, 800 கலோரி என்று திடீரென்று இறக்கினால், உடல் தைராய்டு ஹார்மோனின் செயல்படும் வடிவமான டி3-ஐத் தானே குறைத்துக்கொள்ளும். பஞ்ச காலத்தில் உயிரைக் காப்பாற்ற உடல் வைத்திருக்கும் ஏற்பாடு அது. வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் போதுமான வேகம்.

நடையும் அப்படி மெதுவாகத் தொடங்குவது நல்லது. டி.எஸ்.ஹெச் இன்னும் இறங்காத நாட்களில் தசை வலியும் பிடிப்பும் இருக்கும். அந்த நேரத்தில் ஜிம்மில் சேர்ந்து முதல் வாரமே நூறு ஸ்குவாட் போட்டவர்கள் இரண்டாவது வாரம் போவதில்லை. பத்து நிமிட நடையில் தொடங்கி, ஹார்மோன் சரியாகச் சரியாக வாரத்துக்கு 150 நிமிடம் வரை ஏற்றலாம். வாரத்தில் இரண்டு நாள் எடை தூக்குவதோ, நாற்காலியில் உட்கார்ந்து எழுவதோ, தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவதோ, தசைக்கு ஏதாவது ஒரு வேலை. மிஷினில் எண் மெதுவாக இறங்கும் மாதங்களில் இடுப்பை டேப் வைத்து அளந்து பார்ப்பது தெம்பு தரும். இந்தியர்களுக்கு ஆண் என்றால் 90 சென்டிமீட்டர், பெண் என்றால் 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு.

எல்லாம் செய்தும் குறையாவிட்டால்

டி.எஸ்.ஹெச் மூன்று நான்கு மாதமாகச் சரியாக இருக்கிறது, உணவும் நடையும் நேர்மையாக நடக்கிறது, ஆனாலும் எண் அசையவில்லை என்றால் தைராய்டையே திரும்பத் திரும்பச் சோதிப்பதில் பயனில்லை. சினைப்பையோடு தொடர்புள்ள பி.சி.ஓ.எஸ், மாதவிடாய் நிற்கும் காலம், ஸ்டீராய்டு மருந்து, இன்சுலின், மனநலத்துக்குத் தரும் சில மாத்திரைகள், தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் குறட்டை நோய் என வேறு காரணங்களை மருத்துவர் பார்க்க வேண்டும். தைராய்டு குறைவும் பி.சி.ஓ.எஸ்ஸும் ஒரே பெண்ணிடம் சேர்ந்து இருப்பது அடிக்கடி காணப்படுவது. ரிப்போர்ட்டில் தைராய்டு தடித்த எழுத்தில் இருந்துவிட்டதால் மற்றது கவனத்துக்கு வராமலே போகும்.

2025-ல் இந்தியச் சந்தைக்கு வந்த எடை குறைப்பு ஊசிகளான செமாக்ளூடைட், டிர்செபடைட் பற்றித் தைராய்டு நோயாளிகள் அதிகம் விசாரிக்கிறார்கள். அட்டையில் 'தைராய்டு' எச்சரிக்கை இருப்பதைப் பார்த்துப் பயப்படுபவர்களும் உண்டு. அந்த எச்சரிக்கை, மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் தனக்கோ குடும்பத்திலோ இருந்தவர்களுக்கானது. சாதாரணச் சுரப்புக் குறைவு அதில் வராது. ஊசி தேவையா என்பதை எடை, சர்க்கரை, செலவு எல்லாவற்றையும் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மாத்திரை வடிவ செமாக்ளூடைட்டில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. அதையும் காலையில் வெறும் வயிற்றில், மற்ற மருந்துகளுக்கு அரை மணி முன்பு எடுக்க வேண்டும். அது லெவோதைராக்சின் ரத்தத்தில் சேரும் அளவை மூன்றில் ஒரு பங்கு வரை கூட்டவும் செய்யும். இரண்டையும் எடுப்பவர்கள் தைராய்டு பரிசோதனையைச் சற்று முன்னதாகவே செய்துகொள்ள வேண்டியிருக்கும்.

இந்த நடுவில் கர்ப்பம் தரித்தால் எடை குறைப்பு அத்தனையும் நிற்க வேண்டும், மாத்திரை மட்டும் நிற்கக் கூடாது. முதல் சில மாதங்களில் குழந்தைக்குத் தேவையான தைராய்டு ஹார்மோன் தாயிடமிருந்துதான் போகிறது. டோஸ் பெரும்பாலும் ஏற்ற வேண்டியிருக்கும் என்பதால், நாள் தள்ளிப்போனது தெரிந்ததுமே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

பத்துக் கிலோ குறைத்துவிட்டவர்களுக்கும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. 80 கிலோ இருந்தபோது எழுதிய டோஸ், 68 கிலோவில் கூடுதலாகிவிடலாம். படபடப்பு, கைநடுக்கம், தூக்கமின்மை, காரணமில்லாத எரிச்சல் எல்லாம் அதன் அறிகுறிகள். எடை குறைந்ததைக் கொண்டாடிய கையோடு டி.எஸ்.ஹெச்சையும் ஒருமுறை பார்த்துவிட்டால், சிலருக்கு '100 பவர்' 88-க்கோ 75-க்கோ இறங்கும்.